நீரிழிவு மருந்தால் உடல் எடைக் குறைப்பு: யாருக்குப் பொருந்தும், எங்கே ஆபத்து?

புதுதில்லி: நீரிழிவு நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக உருவாக்கப்பட்ட சில மருந்துகள், இன்று உடல் எடையைக் குறைக்கும் மருந்துகளாகவே மக்களிடையே அறியப்படுகின்றன. வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தப்படும் ஊசியின் மூலம் பத்து, பதினைந்து கிலோ எடை குறைந்தவர்களின் அனுபவங்கள் சமூக ஊடகங்களில் நாள்தோறும் வலம் வருகின்றன. அந்தப் பதிவுகளைப் பார்த்து, நீரிழிவு இல்லாதவர்களும் இம்மருந்துகளைத் தேடத் தொடங்கியுள்ளனர்.

இம்மருந்துகளுள் முதன்மையானதான செமாக்ளூடைடு மீதான காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் மாதத்துடன் முடிவுக்கு வந்துள்ளது. உள்நாட்டு நிறுவனங்கள் குறைந்த விலையில் இதே மருந்தைத் தயாரிக்க இதனால் வழி பிறந்துள்ளது. விலை குறைவது, உண்மையில் தேவைப்படும் நோயாளிகளுக்கு நற்செய்தி. அதே வேளையில், மருத்துவரைப் பார்க்காமலேயே மருந்தைத் தொடங்கும் போக்கு அதிகரிக்கக் கூடும் என்ற கவலையும் எழுந்துள்ளது.

இந்நிலையில், இம்மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன, யாருக்கு உரியவை, பக்கவிளைவுகள் யாவை, எந்த அறிகுறிகளைப் புறக்கணிக்கக் கூடாது என்பன குறித்த விரிவான தொகுப்பு:

இந்தியாவில் ஏன் இத்தனை தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தலைமையில் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவுடனும், 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. பெரியவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு உடல் பருமனும், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பது அதில் தெரியவந்தது.

வயிற்றுப் பருமன் கூடுதலாக இருப்பது தற்செயலானதன்று. பார்வைக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் உடலில் கொழுப்பு மிகுந்திருப்பது இந்தியர்களிடம் காணப்படும் தனித்தன்மை. புணேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக், இங்கிலாந்து ஆய்வாளர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004-ஆம் ஆண்டு 'தி லான்செட்' இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக முன்வைத்தனர். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆனால், யுட்கினின் உடலில் கொழுப்பின் பங்கு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம்.

எடை காட்டும் கருவியை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்குவதும், எடை சரியாக இருக்கிறது என்று அலட்சியமாக இருப்பதும் ஒருசேரத் தவறாவது இதனால்தான்.

மருந்து கடந்து வந்த பாதை

உணவு உண்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 எனும் இயக்குநீர் சுரக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதும், வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியை மூளைக்கு உணர்த்துவதும் இதன் பணிகள். ஆனால், இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். எனவே, அதை அப்படியே மருந்தாகப் பயன்படுத்த இயலவில்லை.

அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் 'கிலா மான்ஸ்டர்' எனும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், ஜிஎல்பி-1-ஐப் போன்று செயல்படும், எளிதில் சிதையாத ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் எனும் அமெரிக்க மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதன் அடிப்படையில் உருவான எக்ஸனடைடு, 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நீரிழிவு மருந்தாக ஒப்புதல் பெற்றது. நாளொன்றுக்கு இருமுறை அதைச் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் நாளொன்றுக்கு ஒருமுறை செலுத்தும் லிராக்ளூடைடும், வாரம் ஒருமுறை செலுத்தும் செமாக்ளூடைடும் வந்தன.

நீரிழிவுக்காக இம்மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களின் எடையும் குறைவதைக் கண்ட ஆய்வாளர்கள், உடல் பருமனுக்காகத் தனியே ஆய்வுகளை நடத்தினர். அதன் பயனாக ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் சந்தைக்கு வந்தது. செமாக்ளூடைடு, நீரிழிவுக்கு 'ஓசெம்பிக்' என்ற பெயரில் 2017-ஆம் ஆண்டிலும், உடல் பருமனுக்குக் கூடுதல் அளவில் 'வெகோவி' என்ற பெயரில் 2021-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டிர்செபடைடு எனும் மருந்து, ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி எனும் மற்றொரு குடல் இயக்குநீரின் பணியையும் சேர்த்துச் செய்கிறது.

இந்தியாவில் செமாக்ளூடைடு மாத்திரை 'ரைபெல்சஸ்' என்ற பெயரில் 2022-ஆம் ஆண்டு அறிமுகமானது. டிர்செபடைடு ஊசி 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் விற்பனைக்கு வந்தன.

எடை எவ்வாறு குறைகிறது?

இம்மருந்துகள் கொழுப்பை நேரடியாகக் கரைப்பதில்லை. மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் செயல்பட்டு உணவின் மீதான நாட்டத்தைக் குறைக்கின்றன. உணவு வயிற்றில் இருந்து குடலுக்குச் செல்லும் வேகத்தையும் தாமதப்படுத்துகின்றன. சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு ஏற்படுகிறது. உண்ணும் அளவு குறைவதால் எடை குறைகிறது. பின்னர் கூறப்படும் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இதே செயல்பாட்டின் மறுபக்கமே.

நீரிழிவு இல்லாத, உடல் பருமன் அல்லது அதிக எடை கொண்ட 1,961 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2021-ஆம் ஆண்டு வெளியாயின. வாரம் 2.4 மில்லி கிராம் செமாக்ளூடைடு செலுத்திக்கொண்டவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தற்ற ஊசி செலுத்தப்பட்டவர்களின் எடை 2.4 சதவீதமே குறைந்தது. இரு தரப்பினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகள் வழங்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

டிர்செபடைடு ஆய்வில் 2,539 பேர் பங்கேற்றனர். 72 வாரங்களில், மருந்தின் அளவைப் பொறுத்து 15 முதல் 20.9 சதவீதம் வரை எடை குறைந்தது.

பயன், எடைக் குறைப்புடன் நின்றுவிடவில்லை. ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் இருந்த, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைடு குறித்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. மாரடைப்பு, பக்கவாதம், இதய ரத்தநாள நோயால் நேரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு ஆபத்து 20 சதவீதம் குறைந்ததாக அதில் தெரியவந்தது. எனவே, இவற்றை வெறும் அழகு மருந்து என ஒதுக்கிவிடவும் இயலாது.

'சர்க்கரை மாத்திரை' அனைத்தும் எடையைக் குறைக்குமா?

இல்லை. மக்களிடையே மிக ஆபத்தான தவறான புரிதல் இதுவே. நீரிழிவு மருந்துகளில் பல வகைகள் உண்டு. எடையின் மீது அவற்றின் விளைவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை.

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிகிளசைடு, பியோகிளிட்டசோன் ஆகியவை எடையை அதிகரிக்கும் தன்மை கொண்டவை. இவற்றுள் இன்சுலினும், கிளிமெபிரைடு வகை மருந்துகளும் நீரிழிவு இல்லாதவரின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் எனத் தொடங்கி மயக்கம், வலிப்பு வரை அது செல்லக் கூடும்.

மெட்ஃபார்மின் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள, விலை குறைந்த மருந்து. அமெரிக்காவில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டவர்களின் எடை சராசரியாக 2.1 கிலோவும், உணவு மற்றும் உடற்பயிற்சி முறையை மேற்கொண்டவர்களின் எடை 5.6 கிலோவும் குறைந்தன. மெட்ஃபார்மின் எடைக் குறைப்பு மருந்தாக ஒப்புதல் பெற்றதன்று. வயிற்றுப்போக்கு, வயிற்று உபாதை ஆகியவை இதன் பொதுவான பக்கவிளைவுகள். நீண்ட காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12 குறைபாடு ஏற்படக் கூடும். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குன்றியவர்கள் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்குக் கவனிக்க வேண்டிய மற்றொன்று உள்ளது. இந்தியாவில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒரே மாத்திரையில் சேர்த்துப் பரவலாக விற்கப்படுகின்றன. "மெட்ஃபார்மின் எடையைக் குறைக்கும்" என்று கேள்விப்பட்டு, வீட்டில் பெற்றோர் உட்கொள்ளும் மாத்திரையை எடுத்து விழுங்குபவர், அதில் கிளிமெபிரைடும் இருப்பதை அறியாமலேயே தாழ்சர்க்கரை அபாயத்துக்கு ஆளாகிறார்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. காப்புரிமை முடிந்ததால் இவற்றின் விலை குறைந்துள்ளது. இவற்றால் பொதுவாக இரண்டு, மூன்று கிலோ எடை குறையும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, நீரிழப்பு ஆகியவை இவற்றின் பக்கவிளைவுகள். ரத்தத்தில் அமிலத்தன்மை பெருகும் 'கீட்டோ அசிடோசிஸ்' எனும் நிலை அரிதாக ஏற்படலாம். சோறு, சப்பாத்தி போன்றவற்றை அறவே தவிர்க்கும் உணவு முறையோ நீண்ட பட்டினியோ இந்த ஆபத்தை அதிகரிக்கும். ரத்தச் சர்க்கரை அளவு அதிகம் உயராத நிலையிலும் இது நேரலாம் என்பதால் கண்டறிவது தாமதமாகக் கூடும்.

யாருக்கு உரியவை?

உடல் எடையை கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் கணக்கிட்டு அதன் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். 160 சென்டி மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு இக்குறியெண் 25. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை எனவும், 25-க்கு மேல் உடல் பருமன் எனவும் மருத்துவர்கள் கருதுகின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டி மீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டி மீட்டரையும் கடந்தால் அது வயிற்றுப் பருமன்.

எடைக் குறைப்புக்காக வெகோவி, மவுன்ஜாரோ ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கான வரம்பு இதைவிட உயர்வானது. குறியெண் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 27 அல்லது அதற்கு மேல் இருந்தால், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, ரத்தக் கொழுப்புக் கோளாறு போன்ற எடை சார்ந்த நோய்களில் ஒன்றேனும் உடன் இருக்க வேண்டும். 160 சென்டி மீட்டர் உயரமுள்ளவருக்கு இது முறையே ஏறத்தாழ 77 கிலோ, 69 கிலோ ஆகும். உணவுக் கட்டுப்பாடு, உடல் உழைப்பு ஆகியவற்றுக்குத் துணையாகவே இவை பரிந்துரைக்கப்படுகின்றன.

திருமணத்துக்கு முன் நான்கைந்து கிலோ குறைக்க விரும்புபவர் இந்த வரம்புக்குள் வருவதில்லை. மருந்தின் பயன் அவருக்குச் சிறிது. பக்கவிளைவின் அபாயமோ மற்றவர்களுக்கு உள்ளது போன்றதே.

பொதுவான பக்கவிளைவுகள்

மேற்குறிப்பிட்ட 1,961 பேர் பங்கேற்ற ஆய்வில், செமாக்ளூடைடு செலுத்திக்கொண்டவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டலும், 31.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கும், 25 சதவீதம் பேருக்கு வாந்தியும், 23 சதவீதம் பேருக்கு மலச்சிக்கலும் ஏற்பட்டன. பெரும்பாலானவர்களுக்கு இவை மிதமாகவே இருந்து, நாளடைவில் தணிந்தன. வயிறு மற்றும் குடல் உபாதைகளால் மருந்தையே கைவிட்டவர்கள் 4.5 சதவீதம் பேர்.

இவ்வுபாதைகளைக் குறைக்கவே மருந்தின் அளவு படிப்படியாக உயர்த்தப்படுகிறது. செமாக்ளூடைடு 0.25 மில்லி கிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உயர்த்தப்பட்டு, 16 வாரங்களுக்குப் பின்னரே 2.4 மில்லி கிராமை எட்டுகிறது. விரைவில் எடை குறைய வேண்டும் என்று படிகளைத் தாண்டுபவர்களே கடும் வாந்திக்கு ஆளாகின்றனர். இம்மருந்து உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஊசியை நிறுத்தினாலும் உபாதை மறுநாளே நின்றுவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிறிது சிறிதாக உண்பது, எண்ணெயில் பொரித்த உணவுகளைத் தவிர்ப்பது, வயிறு நிறைந்ததும் உண்பதை நிறுத்திவிடுவது, போதிய நீர் அருந்துவது ஆகியவை குமட்டலைத் தணிக்க உதவும். எடை விரைவாகக் குறையும்போது முடி உதிர்வதும் உண்டு.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

அரிதானவை எனினும், உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் பாதிப்புகளும் உள்ளன.

கணைய அழற்சி: மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் கடும் வலியும், அதனுடன் வாந்தியும் இதன் அறிகுறிகள். மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பித்தப்பைக் கல் மற்றும் அழற்சி: எடை விரைவாகக் குறைவதே பித்தப்பைக் கல்லுக்கு ஒரு காரணம். வலது மேல்வயிற்று வலி, காய்ச்சல், கண்கள் மஞ்சளாதல் ஆகியவை அறிகுறிகள்.

சிறுநீரகப் பாதிப்பு: மருந்து நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்குவதைவிட, தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கால் நேரும் நீரிழப்பே இதற்குப் பெரிதும் காரணமாகிறது. கோடைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

குடல் இயக்கம் தடைபடுதல்: வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாத நிலை ஏற்பட்டால் காத்திருக்கக் கூடாது.

கண் பாதிப்பு: நீண்ட நாள் நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு, சர்க்கரை அளவு விரைவாகக் குறையும்போது அப்பாதிப்பு தற்காலிகமாகத் தீவிரமடையலாம். இது தவிர, பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடும் 'நையான்' எனும் நிலையை, செமாக்ளூடைடின் மிக அரிதான பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 ஜூனில் அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவர் வரை இதனால் பாதிக்கப்படலாம் என்பது அதன் மதிப்பீடு. திடீரெனப் பார்வை மங்கினால் உடனே கண் மருத்துவரை அணுக வேண்டும்.

தாழ்சர்க்கரை: ஜிஎல்பி-1 மருந்துகள் தனித்துச் செலுத்தப்படும்போது இந்த ஆபத்து குறைவு. இன்சுலின் அல்லது கிளிமெபிரைடுடன் சேரும்போது அதிகரிக்கும். எனவே அவற்றின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

யார் தவிர்க்க வேண்டும்?

எலிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் தைராய்டு சுரப்பியின் ஒருவகைக் கட்டிகள் காணப்பட்டன. மனிதர்களிடம் அத்தகைய தொடர்பு உறுதிப்படவில்லை. எனினும், மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்தினருக்கோ இருந்தவர்களும், 'எம்இஎன்-2' எனும் மரபுவழி நோய்க்குறி உள்ளவர்களும் இம்மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என எச்சரிக்கப்பட்டுள்ளது.

கர்ப்பிணிகளுக்கு இவை உகந்தவை அல்ல. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள், குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாக்ளூடைடை நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு, வாய்வழிக் கருத்தடை மாத்திரைகளின் செயல்திறனைக் குறைக்கக் கூடும். மருந்தைத் தொடங்கியதும், அளவை உயர்த்தும் ஒவ்வொரு முறையும், நான்கு வாரங்களுக்கு மாற்றுக் கருத்தடை முறை பரிந்துரைக்கப்படுகிறது.

முன்பு கணைய அழற்சி ஏற்பட்டவர்கள், வயிறு காலியாவதில் ஏற்கெனவே கடும் தாமதம் உள்ளவர்கள், உணவு உண்பதில் மனநலம் சார்ந்த கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் அதனை மறைக்கக் கூடாது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ செய்துகொள்ள இருப்பவர்கள், மயக்க மருந்து நிபுணரிடம் இம்மருந்து குறித்துக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உணவு வயிற்றில் கூடுதல் நேரம் தங்குவதால், வழக்கமான பட்டினி நேரத்துக்குப் பின்னரும் வயிற்றில் உணவு எஞ்சியிருக்கலாம். மயக்கத்தின்போது அது மேலேறி நுரையீரலுக்குள் செல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

கொழுப்புடன் கரையும் தசை

குறையும் எடை அனைத்தும் கொழுப்பு அன்று. ஆய்வுகளில், குறைந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுக்களாக இருந்தது. இந்தியர்களுக்கு இது கூடுதல் கவனத்துக்குரியது. கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் காணப்படும் உடலமைப்பு ஒருபுறம். சோறு, கோதுமையை மையமாகக் கொண்டு புரதம் குறைவாக உள்ள உணவுப் பழக்கம் மறுபுறம். பசி குன்றியவர், கிடைக்கும் சிறிதளவு உணவிலும் புரதத்தைக் குறைத்துக்கொண்டால், எடை இறங்கும். உடல் வலுவும் சேர்ந்தே இறங்கும். முதியவர்களுக்கு இது தடுமாறி விழுதல், எலும்பு முறிவு என முடியலாம்.

பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் போன்றவற்றுக்கு உணவில் முதலிடம் அளிப்பதும், வாரத்தில் சில நாள்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளை மேற்கொள்வதும் இம்மருந்துச் சிகிச்சையின் இன்றியமையாத பகுதிகள் என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மருந்தை நிறுத்தியதும் பசி திரும்புகிறது. பெரும்பாலானவர்களுக்கு எடையும் திரும்புகிறது. செமாக்ளூடைடை 68 வாரங்களுக்குப் பின் நிறுத்தியவர்களை ஓராண்டு கண்காணித்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை அவர்கள் மீண்டும் அடைந்தது தெரியவந்தது. குறைந்திருந்த ரத்த அழுத்தம் போன்றவையும் பழைய நிலையை நோக்கித் திரும்பின.

உடல் பருமன் நாள்பட்ட நோய் என்பதையே இது காட்டுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் உயர்வதைப் போன்றதே இது. எனவே, மருந்தைத் தொடங்கும் முன் "எத்தனை கிலோ குறையும்?" என்று கேட்பதோடு, "எத்தனை ஆண்டுகள் தொடர இயலும்?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று மாதச் செலவுக்கு மட்டும் பணம் ஒதுக்கித் தொடங்குபவர், இழந்த கொழுப்பைத் திரும்பப் பெறுகிறார்; இழந்த தசை அதே அளவில் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

உலக சுகாதார அமைப்பு 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் பருமன் உள்ள பெரியவர்களுக்கு நீண்ட காலச் சிகிச்சையாக ஜிஎல்பி-1 மருந்துகளைப் பயன்படுத்தலாம் என நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளுக்கு இப்பரிந்துரை பொருந்தாது. உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றுடன் இணைந்தே இச்சிகிச்சை அமைய வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடு.

போலி மருந்தும் அளவுப் பிழையும்

தேவை அதிகரிக்கும் மருந்துகளைப் போலிகள் பின்தொடர்வது வழக்கம். பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023-ஆம் ஆண்டு போலி செமாக்ளூடைடு கண்டறியப்பட்டதை அடுத்து, உலக சுகாதார அமைப்பு 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. குளிர்பதன வசதியின்றி அனுப்பப்படும் ஊசிகள், தயாரிப்புத் தொகுதி எண் இல்லாத பெட்டிகள், சமூக ஊடகக் கணக்குகள் வழியாக நடைபெறும் விற்பனை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். உரிமம் பெற்ற மருந்தகத்தில் ரசீதுடன் வாங்குவதே பாதுகாப்பானது.

பேனா வடிவ ஊசியில் அளவு முன்னரே நிர்ணயிக்கப்பட்டுள்ளது. குப்பியில் இருந்து சிரிஞ்சில் எடுக்கும்போது பிழை நேர வாய்ப்புண்டு. அமெரிக்காவில் இவ்வாறு எடுத்தவர்களில் சிலர், உரிய அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகச் செலுத்திக்கொண்டது குறித்து அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024-ஆம் ஆண்டு எச்சரித்தது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கு மில்லி லிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் புழக்கத்தில் உள்ளன. 100 அலகு சிரிஞ்சில் '10' என்ற கோடு 0.1 மில்லி லிட்டரைக் குறிக்கிறது. 40 அலகு சிரிஞ்சில் அதே கோடு 0.25 மில்லி லிட்டரைக் குறிக்கிறது. சிரிஞ்சு மாறினால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். எந்தச் சிரிஞ்சு, எந்தக் கோடு வரை என்பதை மருத்துவரோ மருந்தாளுநரோ கண்முன் காட்டிய பின்னரே பயன்படுத்த வேண்டும். ஒருவரின் ஊசிப் பேனாவை மற்றவர் பகிர்ந்துகொள்வது ரத்தவழித் தொற்றுகளுக்கு வழிவகுக்கும்; ஊசி முனையை மாற்றினாலும் அது பாதுகாப்பானதன்று.

சட்டம் கூறுவது என்ன?

இம்மருந்துகளை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இன்றி விற்கக் கூடாது. மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954-இன் அட்டவணையில் நீரிழிவு, உடல் பருமன் ஆகிய இரண்டும் இடம்பெற்றுள்ளன. இவற்றைக் குணப்படுத்துவதாகக் கூறிப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரப்படுத்துவது அச்சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

எடைக் குறைப்புக்காக இம்மருந்துகள் பயன்படுத்தப்படுவது குறித்துத் தாக்கலான பொதுநல மனுவை விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், நிபுணர்களுடன் ஆலோசித்து மூன்று மாதங்களில் முடிவெடுக்குமாறு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியிடம் 2025 ஜூலையில் கேட்டுக்கொண்டது.

கண்காணிப்பு ஏன் தேவை என்பதற்கு முன்னனுபவம் உண்டு. ஒரு காலத்தில் எடைக் குறைப்புக்காகப் பரவலாக விற்கப்பட்ட சிபூட்ரமின் எனும் மாத்திரை, மாரடைப்பு மற்றும் பக்கவாத அபாயத்தை அதிகரிப்பது தெரியவந்ததால் 2010-ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளில் இருந்து விலக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. ஜிஎல்பி-1 மருந்துகள் அதற்கு நேர்மாறாக இதயத்துக்கு நன்மை தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அந்த ஆய்வுகள் அனைத்தும் மருத்துவக் கண்காணிப்பில், உரியவர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தப்பட்டவை. கண்காணிப்பின்றிப் பயன்படுத்துபவருக்கு அதே முடிவுகள் பொருந்தும் எனக் கொள்ள முடியாது.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எனது உடல் நிறைக் குறியெண், இடுப்புச் சுற்றளவு, உடன் உள்ள நோய்கள் ஆகியவற்றின்படி எனக்கு இம்மருந்து தேவையா?

2. எடை கூடுவதற்குத் தைராய்டு குறைபாடோ, நான் உட்கொள்ளும் வேறு மருந்தோ காரணமா?

3. தொடங்கும் முன் எச்பிஏ1சி, சிறுநீரகம், கல்லீரல், கண் விழித்திரை உள்ளிட்ட எந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்?

4. நான் ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் அளவை மாற்ற வேண்டுமா?

5. எத்தனை மாதங்களில் பயனை மதிப்பிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என முடிவெடுப்போம்?

6. எந்த அறிகுறி தோன்றினால் அடுத்த ஊசியைச் செலுத்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்?

இவற்றுக்கு விடையளிக்காமல் மருந்தை மட்டும் எழுதித் தரும் இடத்தில், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டறிவது நல்லது.

விலை குறையும்போது, இதுவரை எட்டாத உயரத்தில் இருந்த சிகிச்சை, நீரிழிவும் பருமனும் வாட்டும் எளிய குடும்பங்களின் கைக்கும் எட்டும். கைக்கு எட்டிய அம்மருந்து, உரியவருக்கு, உரிய அளவில், உரிய கண்காணிப்புடன் சேர வேண்டும் என்பதே மருத்துவர்களின் வேண்டுகோள்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் தொடங்கவோ, நிறுத்தவோ, அளவை மாற்றவோ வேண்டாம்.)